பட்டறையா, ஓசூரா, சேவை மையமா: கடிகாரத் தொழிலுக்கு வர நினைக்கும் டெல்டாப் பிள்ளைகளுக்கு

என் அக்கா மகன் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவை முடித்துவிட்டுக் கடந்த சித்திரையில் திருவாரூரிலிருந்து கும்பகோணத்துக்கு வந்து, என் கடையில் உட்கார்ந்துகொண்டான். திருச்சிப் பக்கம் ஒரு பட்டறையில் வேலை தயாராக இருந்தும், "மாமா, எனக்குக் கடிகார வேலைதான் பிடிச்சிருக்கு, எந்தப் பக்கம் போறதுன்னுதான் தெரியலை" என்றான். அக்காவோ, தாத்தாவோடு முடிந்துபோன தொழிலுக்கு இந்தக் காலத்தில் யாராவது பிள்ளையை அனுப்புவார்களா என்று என்னிடம்தான் சண்டைக்கு வந்தார். அவர்கள் இருவருக்கும் நான் சொன்னது இதே கேள்வியோடு இருக்கும் பிற பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் உதவக்கூடும் என்பதால் எழுதி வைக்கிறேன்.

என் அப்பா மன்னார்குடியில் ஒரு துணிக்கடையின் மாடிப்படிக்குக் கீழே, ஒரு கண்ணாடிப் பெட்டியையே மேசையாக வைத்துக்கொண்டு முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாட்ச் ரிப்பேர் செய்தவர். நான் அவரிடம் பழகி, பிறகு சென்னையில் ஒரு நிறுவனத்தின் சேவை மையத்தில் ஏழு ஆண்டுகள் இருந்துவிட்டு, ஊர்ப்பக்கம் திரும்பிக் கடை வைத்தவன். ஆகவே பட்டறையையும் சேவை மையத்தையும் பற்றி நான் சொல்வது கைப்பட அறிந்தது. தொழிற்சாலை, விற்பனை, வெளிநாடு ஆகியவற்றைப் பற்றிச் சொல்வது அங்கே இருந்தவர்களோடு பழகி அறிந்தது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு படிப்பது நல்லது.

எந்த வேலையையும் சம்பளத்தை வைத்து ஒப்பிடுவதே நம் வழக்கம். கடிகாரத் தொழிலில் அந்தக் கணக்கு ஏமாற்றிவிடும், ஏனென்றால் இது ஒருமுறை செத்துப் பிழைத்த தொழில். 1969 டிசம்பர் 25 அன்று ஜப்பானின் சீக்கோ நிறுவனம் அஸ்ட்ரான் என்ற, செல்லில் ஓடும் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அப்போது சுவிட்சர்லாந்தில் ஏறத்தாழ 90,000 பேர் கடிகாரத் தொழிலில் இருந்தார்கள். 1980-களின் நடுவில் அந்த எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்கை ஒட்டி வந்து நின்றது. நம் நாட்டில் 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து பெங்களூரில் கடிகார ஆலை தொடங்கிய எச்.எம்.டி., ஒரு தலைமுறையின் மணிக்கட்டு முழுவதையும் ஆண்டது. அதன் கடிகாரப் பிரிவை மூட 2016 ஜனவரியில் மத்திய அரசு முடிவெடுத்தது. ஆலை போயிற்று, ஆனால் எச்.எம்.டி.யின் சாவி கொடுக்கும் கடிகாரமான ஜனதாவைப் பிரித்துக் கழுவிப் பூட்டத் தெரிந்தவருக்கு இன்றைக்கும் வேலை போகவில்லை. சொல்லப்போனால், பழைய ஜனதாவைத் தேடி வாங்கிக் கட்டும் இளைஞர்களால் அவருக்கு வேலை கூடித்தான் இருக்கிறது. எனவே நான் அக்கா மகனிடம் ஒரே ஒரு கேள்வியைத்தான் ஒவ்வொரு வழிக்கும் கேட்கச் சொன்னேன்: ஐந்து ஆண்டு கழித்து அந்த நிறுவனமே இல்லாமல் போனால், உன் கையில் என்ன மிஞ்சும்?

முதலில் எல்லோருக்கும் தோன்றுவது ஓசூர். தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் டாடா குழுமமும் சேர்ந்து 1984-இல் தொடங்கிய டைட்டனின் ஆலை அங்கேதான் இருக்கிறது. 2002-இல் வெளிவந்த டைட்டன் எட்ஜ் கைக்கடிகாரத்தின் மொத்தத் தடிமன் 3.5 மில்லிமீட்டர்தான், அதற்குள் இருக்கும் இயந்திரத்தின் தடிமன் 1.15 மில்லிமீட்டர். தமிழ்நாட்டில் ஒரு ஆலையில் இந்த அளவுக்கு நுண்மையான வேலை நடந்திருக்கிறது என்பதை நம் பிள்ளைகளில் பலர் அறியாமலேயே, கடிகாரம் என்றால் சுவிட்சர்லாந்து என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் ஆலை வேலை என்பது ஒரே வேலை அல்ல. பூட்டும் வரிசையில் உட்காருபவருக்கு ஒரு செயல்தான் ஒதுக்கப்படும். நீடாமங்கலத்துப் பெண் ஒருவர் ஒரு தொழிற்சாலையில் நான்கு ஆண்டுகள் கடிகாரத்துக்கு முள் பொருத்தும் வேலை பார்த்துவிட்டு, திருமணமாகி இங்கே வந்தார். மணிமுள், நிமிடமுள், விநாடிமுள் மூன்றையும் ஒன்றோடொன்று உரசாமல், டயலில் ஒரு தூசிகூடப் படாமல் அவர் பொருத்துவதைப் பார்த்தபோது எனக்கே பொறாமையாக இருந்தது. அதே கடிகாரத்தின் பின்மூடியைத் திறந்து உள்ளே என்ன கோளாறு என்று பார்க்கச் சொன்னபோது, "அது எங்க லைன்ல வராதுங்க சார்" என்றார். நாச்சியார்கோயில் குத்துவிளக்குப் பட்டறைகளிலும் இதைப் பார்க்கலாம். மெருகு மட்டும் போடத் தெரிந்தவர் பட்டறை மூடினால் வேறு பட்டறையைத் தேடிப் போகிறார். வார்ப்பு முதல் கடைசல் வரை தெரிந்தவர் வீட்டுக் கொல்லையில் தானே ஒரு பட்டறை போட்டுவிடுகிறார்.

இதைச் சொல்வதால் பூட்டும் வரிசையை நான் இழிவாக நினைக்கிறேன் என்று பொருளல்ல. மாதச் சம்பளம், வைப்பு நிதி, இ.எஸ்.ஐ., காற்றோட்டமான சுத்தமான கூடம் ஆகியவை வேண்டும் என்பவருக்கு அது நல்ல வழி. பெண் பிள்ளைகளுக்கு இன்னும் பொருந்தும், ஏனென்றால் எங்கள் ஊர்ப் பட்டறைகள் எதிலும் ஒரு பெண் கண்ணில் லூப் என்ற உருப்பெருக்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அந்த வெட்கக்கேட்டைத் தொழிற்சாலைகள் எப்போதோ தாண்டிவிட்டன. ஆயினும் ஃபிட்டர் அல்லது டூல் அண்ட் டை மேக்கர் படித்த ஒருவர் ஆலைக்குள் போக வேண்டுமானால், வரிசையை விட்டுவிட்டு அச்சுகளும் கருவிகளும் செய்யும் டூல் ரூம் வழியாகப் போவதே அறிவுடைமை. கடிகாரப் பல்சக்கரத்துக்கு அச்சு வெட்டப் பழகிய கைக்கு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கான மைக்ரான் கணக்கு வந்துவிடும். அந்தக் கையைக் கார் உதிரிபாக ஆலைகளும் மருத்துவக் கருவி ஆலைகளும் கேட்டு வாங்கிக்கொள்ளும். டைட்டனே தன் துல்லியப் பொறியியல் பிரிவைத் தனி நிறுவனமாக்கி, பிற தொழில்களுக்கு இயந்திரங்கள் செய்து கொடுக்கிறது என்பது இதற்குச் சான்று. ஐந்தாண்டுக் கேள்விக்கு டூல் ரூம் தரும் விடை மிக நல்லது. அங்கே மிஞ்சுவது கடிகார அறிவு அல்ல என்பது மட்டுமே குறை.

இனி பட்டறை. இதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது.

அப்பாவின் காலத்தில் மன்னார்குடிக்கு வந்த கடிகாரங்களை வைத்தே அவற்றைக் கட்டியிருப்பவர் யார் என்று சொல்லிவிடலாம். மிராசுதார் வீட்டுப் பெரியவர் ஃபாவ்ர் லூபாவோ வெஸ்ட் எண்ட்டோ கட்டியிருப்பார். பள்ளி ஆசிரியர் எச்.எம்.டி. கட்டியிருப்பார், கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினத்திலிருந்து வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போன சபுராளிகள் ஊருக்கு வரும்போது சீக்கோ 5 கொண்டுவருவார்கள். இவை அனைத்தும் செல் இல்லாமல், சாவி கொடுத்தோ கை அசைவிலோ ஓடும் இயந்திரக் கடிகாரங்கள், ஆண்டுக்கொருமுறையாவது கழுவி எண்ணெய் விட வந்துவிடும். இன்று என் கடைக்கு வருபவர்களில் பத்துக்கு ஏழு பேர் செல் மாற்றத்தான் வருகிறார்கள். அதிலும் பெரும்பாலும் 626 என்று நாங்கள் சொல்லும் செல், 6.8 மில்லிமீட்டர் விட்டமும் 2.6 மில்லிமீட்டர் உயரமும் உள்ள ஒரு பொட்டு. அதே அளவில் சில்வர் ஆக்சைடு செல்லும் இருக்கிறது, மலிவான ஆல்கலைன் செல்லும் இருக்கிறது. முன்னது 1.55 வோல்ட்டைக் கடைசிவரை ஏறத்தாழச் சீராகத் தரும். பின்னது மெல்ல இறங்கிக்கொண்டே போய், பல நேரங்களில் கசிந்து உள்ளே இருக்கும் காயில் என்ற கம்பிச்சுருளையும் தின்றுவிடும். பத்து இருபது ரூபாய் வித்தியாசத்துக்காக மலிவானதைப் போட்டுக் கொடுக்கும் கடைகளால்தான் ரிப்பேர் கடை என்றாலே முகம் சுளிக்கும் நிலை வந்தது என்பது என் நெடுநாள் மனக்குறை.

இங்கே வருமானம் மழையையும் மேட்டூரையும் பார்த்து வரும். குறுவை அறுவடை முடிந்து தீபாவளி வரும்போதும், சம்பா அறுவடைப் பணம் கைக்கு வரும் தை, மாசியிலும் கடை நிறைந்திருக்கும். தலைதீபாவளி மாப்பிள்ளைக்கு வாட்ச் எடுக்க வருபவர்கள் அப்படியே வீட்டில் ஓடாமல் கிடக்கும் நான்கைந்தையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவருவார்கள். ஆடியில் ஈ ஓட்ட வேண்டியதுதான். தண்ணீர் வராத ஆண்டில் எங்கள் கடைகளிலும் தண்ணீர் வராது.

ஆனால் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை. வேதாரண்யம் உப்பளத்தில் வேலை பார்க்கும் ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு பழைய சீக்கோவைக் கொண்டுவந்தார். உப்புக்காற்றும் வியர்வையும் சேர்ந்து சாவித்தண்டைத் துருவேற்றி, அதைத் தாங்கும் திருகு ஒன்று பித்தளைத் தகட்டுக்குள்ளேயே தலை முறிந்து நின்றுவிட்டது. துளைபோட்டு எடுக்கப் போனால் தகடு கெட்டுவிடும். இதற்கு அப்பா சொல்லிக்கொடுத்த வழி நாவிதர் கடையில் கிடக்கும் படிகாரம். மற்ற எஃகு உறுப்புகள் அனைத்தையும் கழற்றிவிட்டு, வெறும் பித்தளைத் தகட்டைப் படிகாரம் கரைத்த வெந்நீரில் போட்டு, சூடு ஆறாமல் வைத்திருந்தால், எஃகுத் திருகு மட்டும் குமிழிவிட்டு மெல்ல மெல்லக் கரைந்து கறுப்புப் பொடியாகிவிடும்; பித்தளைக்கு ஒன்றும் ஆகாது. மறுநாள் காலையில் திருகுப்புரி புதிது போல இருந்தது. உலகெங்கும் கடிகாரக்காரர்கள் கையாளும் முறைதான் இது. எந்தப் பயிற்சி வகுப்பிலும் சேராத என் அப்பாவுக்கு அவருடைய குரு மூலமாக வந்து சேர்ந்திருந்தது.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். குருவிடம் பழகும் காலத்தில் சம்பளம் என்று ஒன்று இருக்காது, டீக்காசுதான். பல பெரியவர்கள் மயிரிழை போன்ற சுருள்கம்பியான ஹேர்ஸ்பிரிங்கின் வேலையைக் கடைசிவரை சொல்லிக்கொடுக்க மாட்டார்கள். வெற்றிலைக்கு ஆளை அனுப்பிவிட்டு அந்த இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். சான்றிதழ் கிடையாது. பெரிய சுவிஸ் நிறுவனங்கள் பலவும் உதிரிபாகங்களைத் தாம் அங்கீகரித்த இடங்களுக்கே தருவதால், விலை உயர்ந்த கடிகாரம் வந்தால் கையைக் கட்டிக்கொண்டு திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும். முறையும் சில இடங்களில் தவறு. அப்பா எல்லாச் சக்கரங்களின் அச்சு முனைகளுக்கும் ஒரே எண்ணெயைத்தான் விட்டார். வேகமாக ஆடும் முனைகளுக்கு மெல்லிய எண்ணெயும், மெதுவாக அழுத்தத்தோடு சுழலும் இடங்களுக்குத் தடித்த எண்ணெயும் விட வேண்டும் என்பதை நான் சென்னைக்குப் போன பிறகுதான் அறிந்தேன். பெண் பார்க்கப் போகும் இடத்தில் "பையன் வாட்ச் ரிப்பேர் பண்றார்" என்று சொன்னதும் விழும் அமைதியையும் இந்தக் குறைகளின் பட்டியலில் சேர்த்தாக வேண்டும். அதை நான் இரண்டு வீடுகளில் கேட்டிருக்கிறேன்.

இத்தனைக்கும் பிறகு, ஐந்தாண்டுக் கேள்விக்குப் பட்டறை தரும் விடைதான் எல்லாவற்றிலும் கெட்டியானது. கையில் சாமணமும் லூப்பும் இருந்தால், மூட ஒரு நிறுவனமே இல்லை.

சேவை மையம் இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது. நிறுவனங்கள் தம் கடிகாரங்களைப் பழுது பார்க்கத் தாமே நடத்தும், அல்லது அங்கீகாரம் கொடுத்து நடத்தும் இடங்கள் சென்னையிலும் திருச்சி போன்ற ஊர்களிலும் இருக்கின்றன. அங்கே ஒரு கடிகாரம் உள்ளே வந்தது முதல் வெளியே போவது வரை அதற்கென ஒரு அட்டை உண்டு. கீறல் எங்கே, மூடி எப்படி, எந்த உறுப்பு மாற்றப்பட்டது என்று எல்லாம் பதிவாகும். கழுவுவதற்கு எங்களைப் போலப் பெட்ரோல் கிண்ணம் இல்லை, அதிர்வலை இயந்திரம் இருக்கும். தண்ணீர் புகாமையை அழுத்தம் கொடுத்துச் சோதிக்கும் கருவி இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக டைம்கிராஃபர் இருக்கும். கடிகாரத்தை அதன் தாங்கியில் வைத்தால், அது ஒவ்வொரு டிக்கையும் கேட்டு, நாளொன்றுக்கு எத்தனை விநாடி முந்துகிறது, அங்குமிங்கும் ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் சக்கரம் எத்தனை டிகிரி வீசுகிறது என்பதைத் திரையில் காட்டிவிடும். ஜனதா போன்ற பழைய கடிகாரம் மணிக்கு 18,000 முறையும், இன்றைய சுவிஸ் கடிகாரங்களில் பல மணிக்கு 28,800 முறையும் அடிக்கின்றன. காதில் வைத்துக் கேட்டு "ஓடுது" என்று சொல்வதற்கும், ஆறு நிலைகளில் வைத்து அளந்து சொல்வதற்கும் உள்ள தூரத்தை நான் அந்தத் திரையின் முன்தான் உணர்ந்தேன். துல்லியத்துக்கான காலமானிச் சான்றிதழ் பெறும் ஒரு சுவிஸ் கடிகாரம் நாளொன்றுக்குச் சராசரியாக 4 விநாடி பிந்துவதற்கும் 6 விநாடி முந்துவதற்கும் இடைப்பட்டே ஓட வேண்டும். அப்பா தன் வாடிக்கையாளரிடம், ஒரு நாளைக்கு ஒரு நிமிடம் என்பது ஒன்றுமில்லை என்பார்.

இந்த வழியின் பெரிய குறை, நிறுவனம் உங்களை எதற்கு வைத்திருக்கிறது என்பது உங்களுக்குச் சேரும்போது தெரியாது என்பதே. நான் சேர்ந்த இடத்தில் முதல் இரண்டு ஆண்டுகள் செல் மாற்றவும் ஸ்ட்ராப் மாட்டவும் சங்கிலிக் கண்ணி குறைக்கவும் மட்டுமே விட்டார்கள். இயந்திரக் கடிகாரம் வந்தால் உள்ளறைக்குப் போய்விடும். உள்ளறைக்குள் எனக்கு அனுமதி இல்லை. பயிற்சி தருவதாகச் சேரும்போது சொன்ன வாக்கைக் கேட்டால், "அடுத்த பேட்ச்ல பாக்கலாம்" என்பார் மேலாளர். ஓய்வு பெறும் நிலையில் இருந்த மூத்த தொழிலாளி ஒருவர், நான் மன்னார்குடிப் படிக்கட்டுக்குக் கீழே உட்கார்ந்து பேலன்ஸ் பொருத்தியவன் என்று அறிந்து, மாலை ஆறு மணிக்கு மேல் பழைய இயந்திரங்களைக் கொடுத்துப் பழக்கியிராவிட்டால், ஏழு ஆண்டும் ஸ்ட்ராப் மாட்டியே கழிந்திருக்கும். ஆகையால் சேவை மையத்தில் சேரும் பிள்ளை நேர்காணலிலேயே இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும்: இயந்திரக் கடிகாரங்களை இங்கேயே பிரிக்கிறீர்களா, அல்லது வேறு ஊருக்கு அனுப்புகிறீர்களா? எத்தனை மாதத்தில் எனக்கு அந்த மேசை கிடைக்கும்? முதல் கேள்விக்கு "அனுப்புகிறோம்" என்று பதில் வந்தால், அது சேவை மையம் அல்ல, வாங்கிக் கொடுக்கும் கவுண்டர்.

அந்தக் கேள்விகளுக்கு நேரான பதில் தரும் இடமாக இருந்தால், முறை, சுத்தம், அளவு, ஆங்கிலத்தில் ஒரு சான்றிதழ், நல்ல சம்பளம் எல்லாம் சேர்ந்தே கிடைக்கும். வேலையை விட்டு வெளியேறும்போது மூல உதிரிபாகங்கள் கிடைக்கும் வழி மட்டும் அடைபட்டுவிடும். கற்ற முறை கையோடு வந்துவிடும்.

விற்பனையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கடிகாரக் காட்சியகங்கள் டெல்டாவின் பெரிய ஊர்களுக்கே வந்துவிட்டன. சென்னையிலும் பெங்களூரிலும் பல லட்ச ரூபாய்க் கடிகாரங்களை விற்கும் கடைகள் பெருகுகின்றன. நன்றாகப் பேசத் தெரிந்த, ஆங்கிலம் சரளமாக வரும் பிள்ளைக்கு மற்ற எல்லா வழிகளையும்விட விரைவில் பணம் தருவது இதுதான். பட்டறைக்காரர்களுக்கு விற்பனையாளர் என்றாலே ஒரு இளக்காரம் உண்டு, எனக்கும் இருந்தது. ஆனால் ஒரு கடிகாரத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்பதைத் தமிழில் விளக்கத் தெரிந்த ஒருவர் அதே கடையில் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு விற்பதை நேரில் பார்த்தபின் வாயை மூடிக்கொண்டேன். இங்கே மிஞ்சுவது வாடிக்கையாளர் பழக்கமும் பேச்சும். அவை நகைக்கடைக்கும் கார் கடைக்கும்கூடப் போகும். துபாய், சிங்கப்பூர் போக நினைப்பவர்களுக்கும் பெரும்பாலும் திறக்கும் கதவு இதுவே.

சுவிட்சர்லாந்துக் கனவோடு வருபவர்கள் ஆண்டுக்கு இரண்டு மூன்று பேராவது என்னிடம் பேசுகிறார்கள். அவர்களைச் சோர்வடையச் செய்ய விருப்பமில்லை, ஆனால் கணக்கைச் சொல்லியாக வேண்டும். அந்நாட்டில் கடிகாரக்காரராவதற்கான தொழிற்பயிற்சி மூன்று, நான்கு ஆண்டுகள் நீளும். தொழில் செழித்திருக்கும் ஜூரா மலைப்பகுதி ஊர்களான லா ஷோ-த-ஃபோன், லெ லோக்ல் போன்றவற்றில் பிரெஞ்சு மொழிதான். ஐரோப்பியர் அல்லாதவர்களுக்கு வேலை அனுமதி ஆண்டுக்கு இத்தனை என்ற வரம்புக்குள்தான் கிடைக்கும். அந்த வரம்பிலும் உயர்தகுதி உள்ளவர்களுக்கே முன்னுரிமை. நியூஷாட்டெலில் 1966-இல் தொடங்கிய வாஸ்டெப் என்ற பயிற்சி அமைப்பு பிற நாடுகளிலும் கூட்டுப் பள்ளிகள் மூலம் தன் பாடத்திட்டத்தைக் கொண்டுபோயிருக்கிறது. சான்றிதழுக்கு உலக மதிப்பு உண்டு, செலவும் அதற்கேற்ப. ஜெர்மனியில் கடிகாரக்காரருக்கான மூன்றாண்டுத் தொழிற்பயிற்சி கொஞ்சம் எட்டக்கூடியது, ஏனென்றால் பயிலும்போதே உதவித்தொகை கிடைக்கும். ஆனால் அன்றாடம் பேசிச் சமாளிக்கும் பி1 நிலை ஜெர்மன் இல்லாமல் எந்தக் கடையும் சேர்த்துக்கொள்ளாது. ஊரை விட்டு நகர முடியாதவர்களுக்கு, 1858-இல் தொடங்கிய பிரிட்டிஷ் ஹோராலஜிகல் இன்ஸ்டிட்யூட் தொலைவழியில் நடத்தும் பாடங்கள் இருக்கின்றன. கோட்பாட்டுக்கு அவை நல்லவை, கைக்கு ஈடாகா. நிலத்தை அடகு வைத்துப் போகலாமா என்று கேட்டால், என் பதில் கூடாது என்பதுதான். மூன்று ஆண்டாவது இங்கே மேசையில் உட்கார்ந்து, பேலன்ஸ் முனையைத் தானே மாற்றத் தெரிந்த பிறகு போகிறவன் அங்கே மாணவனாகப் போகிறான். ஆசையை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறவன் கடன்காரனாகத் திரும்பக்கூடும்.

ஸ்மார்ட்வாட்ச் பழுதுபார்ப்பைத் தனி வழியாக எண்ண வேண்டாம். மலிவானவற்றைப் பசை போட்டு ஒட்டியிருப்பதால் திறக்கும் கூலி புதிய ஒன்றின் விலையைத் தொட்டுவிடுகிறது. செல்பேசி பழுதுபார்க்கத் தெரிந்தவர் அதையும் சேர்த்துச் செய்துகொள்வார்.

அப்படியானால் யார் எங்கே போகலாம்? பத்தாம் வகுப்போடு நின்றுவிட்ட, குடும்பத்துக்கு உடனே மாதப் பணம் வேண்டிய பிள்ளையைப் பட்டறைக்கு அனுப்புவது கொடுமை. அவருக்கு ஆலையின் பூட்டும் வரிசையோ காட்சியகமோதான் சரி. எந்திரங்களின்மேல் ஆசை, கடிகாரம் என்று குறிப்பாக இல்லை என்றால் டூல் ரூம். அதற்குப் பத்தாம் வகுப்பு முடித்தவுடன் இரண்டாண்டு ஐ.டி.ஐ. படிப்போ, பெங்களூர் என்.டி.டி.எஃப். போன்ற இடங்களின் பட்டயப் படிப்போ போதும், பிறகு 1961-ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டப்படி ஆலைகள் எடுக்கும் அப்ரெண்டிஸ் பணியில் நுழைந்துவிடலாம். பொறுமையும் கூர்ந்த பார்வையும் இருந்து, கடிகாரத்தைத் தவிர வேறெதுவும் வேண்டாம் என்பவருக்கு நான் சொல்லும் வழி வேறு. ஓராண்டு ஒரு பெரியவரிடம் பழகு, பிறகு சேவை மையத்துக்குப் போ, ஐந்து ஆறு ஆண்டில் ஊருக்குத் திரும்பு. இந்த மூன்றின் முன்பின் மாறக்கூடாது. பட்டறைக் கையோடு போகிறவனை உள்ளறைக்குள் விட அவர்களுக்கே ஒருநாள் தேவை வரும். வெறுங்கையோடு போகிறவன் ஸ்ட்ராப் மாட்டிக்கொண்டிருப்பான்.

திரும்பி வருவதற்கு ஊரில் இடம் இருக்கிறதா என்று அக்கா கேட்டார். இருக்கிறது. டெல்டாவின் ஒவ்வொரு ஊரிலும் இயந்திரக் கடிகாரத்தை முழுவதும் பிரிக்கக்கூடிய பெரியவர்கள் இன்று விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருக்கிறார்கள், பெரும்பாலோர் அறுபதைத் தாண்டியவர்கள். பீரோவில் கிடக்கும் தாத்தாவின் கடிகாரத்தை ஓடவைத்துத் தரச் சொல்லி, சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஊருக்கு வரும் பேரன்கள் கேட்கிறார்கள். அவர்கள் கூலியைப் பேரம் பேசுவதில்லை, ஆனால் செய்த வேலைக்கு டைம்கிராஃபர் படத்தைக் கேட்பார்கள். அப்பாவின் கையும் சேவை மையத்தின் அளவும் ஒருசேர இருப்பவருக்கே அந்த வேலை போகும். நல்ல சாமணம், திருப்புளிச் செட், லூப், மூடி திறக்கும் கருவி, காந்தம் நீக்கும் கருவி, கழுவும் இயந்திரம், சீனத்து டைம்கிராஃபர் ஆகியவற்றோடு ஒரு மேசை போட இன்று 50,000 ரூபாய் அளவில் முடிந்துவிடுகிறது. கடை முன்பணம் தனி.

இவ்வளவும் பேசிய பிறகு, இதெல்லாம் அவனுக்குப் பொருந்துமா என்று அறிய ஒரு சோதனை வைத்தேன். ஆடி மாதம் கடையில் வேலை இல்லை. ஓடாத எச்.எம்.டி. மூன்றைக் கொடுத்து, ஒவ்வொன்றையும் பிரித்து, கழுவி, திரும்பப் பூட்டச் சொன்னேன். முதலாவதில் ஹேர்ஸ்பிரிங்கைச் சாமணத்தால் இழுத்துக் கோணலாக்கிவிட்டு, அன்று இரவு சாப்பிடாமல் படுத்தான். இரண்டாவதில் சக்கரங்களைத் தாங்கும் பிரிட்ஜ் தகட்டின் திருகு தெறித்துப் பறக்க, நானும் அவனுமாகக் கைப்பேசி விளக்கோடும் ஒரு காந்தத்தோடும் அரைநாள் தரையைத் துழாவினோம். கடைசியில் அது அவன் சட்டை மடிப்பிலேயே இருந்தது. மூன்றாவது ஓடுகிறது. திரையில் வைத்தால் நாளொன்றுக்கு 40 விநாடி முந்துகிறது. சென்னையிலிருந்து ஒரு சேவை மையம் அடுத்த வாரம் நேர்காணலுக்கு அழைத்திருக்கிறது. அக்கா ரயிலுக்குச் சீட்டு எடுத்தாயிற்று. அவனோ அந்த 40-ஐ 20-க்குக் கொண்டுவராமல் எழுந்திருக்க மாட்டேன் என்று மேசையில் உட்கார்ந்திருக்கிறான்.